துளை போடாத வண்டி

மேலவாஞ்சூரைத் தாண்டும்போது இடது செருப்பின் வார் அறுந்துபோனது. தார்ப்பாய் கட்டும் நைலான் கயிறு கொஞ்சம் என் பையில் கிடந்தது. அதில் ஒரு சாண் அறுத்து வாருக்குப் பதிலாகக் கோத்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தேன்.

கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலையில் நான்கு மாதம் இருந்தேன். அன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, போதும் என்று தோன்றியது. யார் மேலும் கோபமில்லை. மேஸ்திரிகூட நல்லபடியாகத்தான், "எங்கய்யா கெளம்பிட்ட?" என்று கேட்டார்.

"வடக்க."

"வடக்க யாரு இருக்கா உனக்கு?"

யாரும் இல்லை. தெற்கே போன வருஷம்தான் போய் வந்திருந்தேன், அவ்வளவுதான்.

எட்டாவது வரை பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பிறகு செங்கல் சூளை, கல் குவாரி, லாரியில் கிளீனர், கருக்களாச்சேரியில் ஒரு பருவம் ஃபைபர் படகு. இந்த நிலக்கரி வேலையில் இருமினால் கரி வரும். பத்து நாள் கடற்காற்றில் நடந்தால் அது சரியாகிவிடும். சாப்பாடு கிடைக்காத நாள்களில் கொஞ்சம் வேகமாக நடப்பேன், அடுத்த ஊர் சீக்கிரம் வரும் என்று. அன்று அந்த அவசரமும் இல்லை. வயிறு நிறைந்திருந்தது, வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

திருமலைராயன்பட்டினத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது சாலையோரத்தில் அந்தக் காரைப் பார்த்தேன். கறுப்பு நிறம். முன்பக்கம் நீண்டு, இரண்டு பக்கமும் பெரிய பெரிய மட்கார்டு, ஏறுவதற்கு ஒரு படி. அதன் எஞ்சின் மூடி நடுவில் கீல் வைத்து இரு பக்கமும் திறக்கும்படி இருந்தது. ஒரு பக்கம் திறந்து கிடந்தது. பின்னால் ஒரு அம்பாசடர் நின்றது. அதில் எந்தக் கதவும் இன்னொரு கதவின் நிறத்தில் இல்லை. இரண்டுக்கும் நடுவே வயதான இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வெள்ளைக் கைலி, வெள்ளைத் தொப்பி. இன்னொருவர் வேட்டி, தோளில் துண்டு, கையில் கயிறு.

"கயிறு கட்டி இழுத்துடுவோம் மாப்ள."

"எதுல கட்டுவீரு?"

"பம்பர்ல."

"பம்பர்ல கயிறு பட்டா குரோம் உரியும். கூடாது."

"சரி, கீழ அச்சுல கட்டுறேன்."

"அச்சுலயும் கூடாது."

"அப்ப ஒங் கைலியில கட்டவா?"

கைலிக்காரர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, கொஞ்சம் தள்ளி விடுறீங்களா? வீடு பக்கந்தான்." நான் பையைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். அவர் என் கைகளைப் பார்த்தார். நான்கு மாதக் கரி ரேகைகளில் இருந்தது. உடனே காருக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தார். "கையத் தொடச்சிட்டுத் தள்ளுங்க. உள்ளங்கையால. நகம் படக்கூடாது."

எத்தனையோ வண்டி தள்ளியிருக்கிறேன். தள்ளுவதற்குக் கை துடைத்தது அன்றைக்குத்தான்.

அவர் ஏறி ஸ்டியரிங் பிடித்தார். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. நானும் வேட்டிக்காரரும் தள்ளினோம். அம்பாசடரைச் சாவியோடு அப்படியே விட்டுவிட்டு வந்தார் அவர். "எவன் எடுக்கப் போறான்? எடுத்தாலும் அவனால ஸ்டார்ட் பண்ண முடியாது" என்றார். அவர் நிரவிப் பக்கம் விவசாயி, அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். காரில் இருந்தவரை நான் பாய் என்று அழைத்தேன், இவரை நிரவிக்காரர் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

தள்ளிக்கொண்டே நிரவிக்காரர் கதை சொன்னார். பாயின் வாப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் கப்பலில் இருந்து இறக்கி வாங்கிய வண்டி. பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், வண்டி இங்கேயே தங்கிவிட்டது. முப்பது வருஷம் எல்லா வேலைக்கும் ஓடியது, அப்புறம் கொட்டகையில் படுத்தது. பாய் துபாயில் இருந்து திரும்பி வந்து, ஆறு வருஷம் அதோடு உட்கார்ந்து, முதலில் இறங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கினார். பிரான்ஸ் நேஷனாலிட்டி உள்ள சொந்தக்காரர்கள் லீவில் வரும்போதெல்லாம் பெட்டியில் ஒரு சாமான் வரும். முன் விளக்குக்கு மஞ்சள் பல்பு. கதவுக்கு ரப்பர் பட்டை. ஒரு தடவை நாலே நாலு திருகாணி.

"திருகாணி ஏன்?" என்றேன்.

"புதுச்சேரியில பழைய வண்டிக்கெல்லாம் மார்க்கு போடுறாங்க தம்பி. திருகாணியில நம்ம ஊரு வெட்டு இருந்துச்சாம், அரை மார்க்கு போயிட்டு."

"ஒரு மார்க்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அந்தப் புதுச்சேரிக்கு எப்படிப் போச்சு தெரியுமா? லாரியில. நாலு சக்கரம் இருக்கு, எஞ்சின் இருக்கு, ஆனா லாரியிலதான் போவும்."

"ரோட்டுல ஓட்டுனா கல்லு தெறிக்கும் மாப்ள."

"கல்லு தெறிக்காம இருக்க அது என்ன கப்பலா?"

கூரையில், முன்பக்கமாக, ஒரு சின்ன நெளிவு இருந்தது. மற்ற இடமெல்லாம் முகம் தெரிந்தது. இதை ஏன் தட்டி எடுக்கவில்லை என்று கேட்டேன். மாங்கனித் திருவிழாவில் யாரோ மாடியிலிருந்து எறிந்த மாம்பழம் பட்ட இடமாம். வாப்பா காலத்து நெளிவு என்பதால் அதுவும் ஒரிஜினலாம்.

"மாம்பழத்தையும் பத்திரமா வச்சிருக்கணும் ஒங்க வாப்பா" என்றார் நிரவிக்காரர்.

"உங்க அம்பாசடர்ல எது ஒரிஜினல்? எஞ்சின் வேன்ல உள்ளது. முன் சீட்டு பஸ்ல உள்ளது. ஹாரன் லாரி. அது வண்டி இல்ல மாப்ள, எட்டு வண்டியோட பொணம்."

"பொணந்தான் தெனம் நெரவிக்கும் காரக்காலுக்கும் ஓடுது. போன மாசம் பின்னாடி டிக்கியில கோழி அட உக்காந்திருந்துச்சு. அதையும் ஏத்திக்கிட்டுத்தான் ஓட்டுனேன். ஒரு முட்ட ஒடையல."

பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இரண்டு பேரும் இருந்தார்கள். கோயம்புத்தூர், சென்னை, புதுச்சேரி என்று பல ஊர்க்காரர்கள். அங்கேயும் இதே சண்டைதான்: பிறந்தபடி வைத்திருப்பதா, ஓட்டுவதா. நிரவிக்காரர் காலையில் அம்பாசடர் மேல் வைக்கோல் கட்டு ஏற்றிய படத்தைப் போடுவாராம், பாய் உடனே குழுவை விட்டு வெளியேறுவாராம். சாயந்தரம் நிரவிக்காரரே மறுபடி சேர்த்துவிடுவாராம்.

வீடு வந்தது. பெரிய பழைய வீடு, பக்கத்தில் கொட்டகை. வாசலில் ஒரு அம்மா, பாயின் மனைவி, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒரு முழங்காலைக் கொஞ்சம் சாய்த்து நிற்பார். கார் தள்ளப்பட்டு வருவதைக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அந்தப் பார்வை திட்டுவதைவிட மோசமாக இருந்தது என்று பாயின் முகத்தில் தெரிந்தது.

"பம்பு போயிட்டு" என்றார் பாய்.

"அப்ப நாளைக்கி?"

"பாக்குறேன்."

விஷயம் இதுதான். மறுநாள் காலை அந்த அம்மா உம்ராவுக்காக மக்கா கிளம்புகிறார். முழங்கால் வலியால் இரண்டு தடவை தள்ளிப்போன பயணம். காரைக்கால் பள்ளிவாசல் அருகே இருந்து ஏழு மணிக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் பஸ் போகும். பள்ளிவாசல் வரைக்கும் ஏழெட்டு கிலோமீட்டர் இந்தக் காரில்தான் போவேன் என்று அவர் மனதில் உறுதியாக நிய்யத்து வைத்திருந்தார். ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாராம். பாயும் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் அன்று காலை வண்டியை எழுப்பியபோதுதான் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் தகடு கிழிந்தது தெரிந்தது. ஓட்டாமல் வைத்ததில் காய்ந்து மொறுமொறுத்துப் போயிருந்தது. புதுத் தகடு பிரான்சில் இருந்து வரவேண்டும். ஆர்டர் போட்டால் இரண்டு வாரம். நிரவிக்காரர் லாரி டியூப்பை வெட்டி ஒரு தகடு செய்து மாட்டினார். உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது என்பதால் பாய் சம்மதித்தார். வெள்ளோட்டம் விட்டார்கள். டியூப் ரப்பர் பெட்ரோலில் ஊறி, பொரித்த அப்பளம் மாதிரி உப்பி, ரோட்டில் நிறுத்திவிட்டது. அங்கேதான் நான் வந்து சேர்ந்தேன்.

அந்த அம்மா எனக்கு டீ கொடுத்தார். "தள்ளுனவங்களுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிப் பாய்க்கும் கொடுத்தார்.

நிரவிக்காரர், "என் வண்டில வாங்க தங்கச்சி, அம்சமா கொண்டு எறக்குறேன்" என்றார்.

"அண்ணே, உங்க வண்டில ஏறுனா மக்கா வரைக்கும் எம் மேல புண்ணாக்கு வாசம் அடிக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பி, நான் ஏதோ நியாயம் சொல்ல வந்தவன் போலச் சொன்னார். "எங்க பழக்கத்துல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கணும் தம்பி. வீடு என்னுது. கொட்டா என்னுது. வண்டி மட்டுந்தான் அவரு கொண்டாந்தது. மாப்பிள்ளையா இந்த வண்டிலதான் இந்த வாசல்ல வந்து எறங்குனாரு, நான் மாடி ஜன்னல்லேருந்து பாத்தேன். அப்புறம் அதுல நான் போவாத எடமா? நாவூருக்குப் போயிருக்கேன். பெருநாளைக்கி ஆடு ஏத்திட்டு வந்திருக்கேன், ஆடு எம் மடியில தலய வச்சிட்டு வந்துச்சு. மூத்தவன் பொறக்குறப்ப வலி எடுத்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதுதான் தாங்குனிச்சு. அப்பல்லாம் அது வண்டி. இப்ப அது பீரோ. தொறந்து காட்டலாம், மூடிக்கலாம்."

"சீட்டு துணி பழசு மாதிரியே நெய்யச் சொல்லிப் போட்டது" என்றார் பாய் மெதுவாக.

"அதுக்கு மேல பிளாஸ்டிக் கவர். அதுக்கு மேல பெட்ஷீட்டு. நான் எங்க உக்கார்றது?"

உள்ளே போய்விட்டார். போகும்போது, "வண்டி கெளம்பலன்னா நான் நடந்து போறேன். யாரும் கூட வர வேணாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்த முழங்காலோடு அவர் நடந்தே போவார் என்பதில் எங்கள் மூன்று பேருக்கும் சந்தேகம் இல்லை.

கொட்டகைக்குள் நிரவிக்காரர் தன் அம்பாசடரில் இருந்து ஒரு எலக்ட்ரிக் பம்பும் கையால் சுற்றும் துளைப்பானும் கொண்டுவந்தார். அதற்குள் நடந்து போய் வண்டியை எடுத்து வந்திருந்தார், அது முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனதாக இரண்டு முறை சொன்னார். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரில் இரண்டு துளை போட்டுப் பம்பை மாட்டினால் அரை மணியில் வண்டி ஓடும்.

"ரெண்டே ரெண்டு ஓட்ட மாப்ள. சுண்டு விரல்கூட நொழையாது."

"அந்தத் தகரத்துல இதுவரைக்கும் யாரும் கை வைக்கல."

"வாப்பா வண்டிதானே? அவரு இருந்தா இந்நேரம் ரெண்டு இல்ல, பத்து ஓட்ட போட்டிருப்பாரு. ஆட்ட ஏத்துன மனுசன்."

பாய் துளைப்பானை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். தொழப் போனார், திரும்பி வந்தார். வந்தவர் சாக்பீஸ் எடுத்து அந்தத் தகரத்தில் இரண்டு புள்ளி வைத்தார். துளைப்பானின் முனையை முதல் புள்ளியில் பொருத்தினார். கை சுற்றவில்லை. துளைப்பானை நிரவிக்காரரிடம் நீட்டினார்.

"நீங்க போடுங்க மாப்ள. நான் வெளிய நிக்கிறேன். கல்யாணமாகி இத்தன வருஷத்துல அவ எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்."

இத்தனை நேரம் துளை போடு துளை போடு என்று சொன்ன நிரவிக்காரர் இப்போது துளைப்பானை வாங்காமல் பின்னால் நகர்ந்தார். "நான் எப்புடி போடுறது? நாளைக்கி நீ என்னயத்தான் சொல்லுவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "பாய், பம்பு எதுக்கு?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பெட்ரோல் டேங்க்கு பின்னாடி கீழ இருக்கு. எஞ்சின் முன்னாடி மேல இருக்கு. அத இழுத்துக் குடுக்கத்தானே பம்பு? பெட்ரோல் மேல இருந்தா அதுவா எறங்கும். கருக்களாச்சேரியில எங்க படகுல டேங்க்கு ஓட்டயாப் போச்சு. பத்து நாள் கேனை மேல கட்டித் தொங்க விட்டுத்தான் கடலுக்குப் போனோம். கேன் மேல, எஞ்சின் கீழ. ஒரு குழா போதும்."

நிரவிக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். "மொபெட்டுக்கு நானே பண்ணியிருக்கேன்யா! கேனைக் கூரையில வச்சுக் கட்டிடுவோம்."

"கூரையில கயிறு படக்கூடாது" என்றார் பாய் உடனே.

"மெத்த போட்டு?"

"கூடாது."

"அப்ப யாராச்சும் புடிச்சிக்கிட்டு வரணும்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள்.

குழாய்க்காக நிரவிக்காரரும் நானும் அம்பாசடரில் மருந்துக் கடைக்குப் போனோம். குளுக்கோஸ் ஏற்றும் குழாய்தான் சரியான அளவு. அதில் திருகும் உருளை ஒன்று இருக்கும், அதைத் திறந்து மூடலாம். பெட்ரோல் பட்டால் அந்தக் குழாய் சில மணி நேரத்தில் விறைத்துப்போகும் என்பதால் இரண்டு கேட்டோம்.

"பேஷண்டுக்கு என்ன வயசு?" என்றார் கடைக்காரர்.

"எழுவதுக்கு மேல" என்றார் நிரவிக்காரர். "பிரெஞ்சு நேஷனாலிட்டி."

"அப்ப பாண்டிக்குக் கொண்டு போவலாம்ல?"

"போயிருக்கு. அங்க ஒரு மார்க்கு கொறச்சிட்டாங்க."

இரவுச் சாப்பாடு இடியாப்பமும் கோழிக் குழம்பும். பரிமாறும்போது அந்த அம்மா பாயைப் பார்த்து, "தொளை போடச் சொன்னீங்களாமே மச்சான்" என்றார். நிரவிக்காரர் அதற்குள் சொல்லியிருந்தார். அவருக்கு ஒரு செய்தியை மடியில் கட்டி வைக்கத் தெரியாது. பாய் குழம்பைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார்.

"போடலயே?"

"போடல."

"சொன்னீங்கல்ல. அது போதும்" என்று அவர் தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தார். எனக்கும் ஒன்று வைத்தார்.

கொட்டகையில் காருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். போர்த்திக்கொள்ளப் பாய் ஒரு பெட்ஷீட் கொடுத்தார். பின் சீட்டின் மேல் இருந்த அதே பெட்ஷீட்.

விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் ஆரம்பித்தோம். வெள்ளை நிற ஐந்து லிட்டர் கேன், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியும். குழாயின் ஒரு முனை கேனின் அடியில், மறு முனை கார்புரேட்டரில். பழைய பம்பு அதன் இடத்திலேயே சும்மா இருந்தது. சாக்பீஸ் புள்ளிகளைப் பாய் விரலால் துடைத்தார். நான் கேனைத் தூக்கிப் பிடிக்க, உருளையைத் திறந்தோம். குழாயில் பெட்ரோல் மஞ்சளாக இறங்குவது தெரிந்தது. நிரவிக்காரர் கைப்பிடியை மாட்டி முன்னால் இருந்து சுற்றினார். மூன்றாவது சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கப் புகை.

பாய் பின்பக்கக் கதவைத் திறந்தார். சீட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் கவரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அது தையலோடு ஒட்டியிருந்தது. பல்லால் கடித்துக் கிழித்தார்.

தெரு முழுக்க வாசலில் நின்றது. துஆ ஓதினார்கள். அந்த அம்மா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லோருக்கும் தலையசைத்து, சாய்ந்த முழங்காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார். சாமான்கள் எல்லாம் பின்னால் அம்பாசடரில் ஏறின. எனக்குப் பாய் விதிகளைச் சொன்னார்: பீடி கூடாது, செருப்பு கூடாது. நைலான் கயிறு கட்டிய செருப்பை அம்பாசடரில் போட்டேன். காரின் வலது பக்கப் படியில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் வெறுங்காலோடு ஏறி நின்றேன். இடது கையால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். வலது தோளில் கேன், அதன் மேல் வலது கை.

சைக்கிளில் போன ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே வந்து பார்த்தார். "என்னாங்க, காருக்கு டிரிப்ஸ் ஏத்துறீங்களா?"

"ஆமாங்க. தூர பயணம்" என்றார் பாய். அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் கீழவாஞ்சூரில் இருந்து வந்த ஒரு நிலக்கரி லாரி எங்களை மெதுவாக முந்தியது. தார்ப்பாயின் பின்மூலையில் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. எனக்குப் பிறகு யார் கட்டியதோ. டிரைவர் என்னை அடையாளம் கண்டு தலையை வெளியே நீட்டினார்.

"டேய், எங்கடா?"

"வடக்க!"

"வேல கெடச்சிட்டா?"

"கெடச்சிட்டு! பின்னாடி முடிச்சப் பாருண்ணே!"

இருபதுக்கு மேல் பாய் போகவில்லை. பள்ளம் வந்தால் இன்னும் மெதுவாக. கேன் முதலில் பாரமாக இல்லை. இரண்டு கிலோமீட்டர் போனதும் தோள் எரிய ஆரம்பித்தது. பெட்ரோல் குறையக் குறையப் பாரம் குறையும் என்று கணக்குப் போட்டேன், ஆனால் அந்த வண்டி கொஞ்சமாகத்தான் குடித்தது.

பின் சீட்டில் இருந்து அந்த அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "தோள் வலிக்கிதா தம்பி? மாத்திக்கங்க."

"மாத்துறப்ப கேன் கீழ எறங்கிடும்மா. வண்டி நின்னுடும்."

குழாயையும் கேனையும் ஒரு தடவை பார்த்தார்.

"அப்ப மாத்தாதீங்க" என்றார்.

மாற்றவில்லை.